ஜன்னலோரக் கன்னம்

போட்டோக்காரர் விளக்கை மறுபடியும் நகர்த்தி வைத்துவிட்டு கேமராவுக்குள் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு பக்கம் நிழல் விழுந்துக்கிட்டே இருக்குங்க."

ஜன்னலைச் சாத்தினார். ஸ்டூலைத் திருப்பிப் போட்டார். நிழல் அசைவேனா என்றது. கடைசியில் கிட்டே வந்து குனிந்து அவள் முகத்தையே பார்த்தவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. நல்ல மனுஷன். "லைட் மேல தப்பில்லைங்க" என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு, மளமளவென்று படத்தை எடுத்து முடித்தார்.

டிரைவிங் ஸ்கூலில் அவளை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு என்றைக்கும் இடது பக்கத்து சீட்தான். வருஷக்கணக்காக அந்த ஜன்னலோரத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெயில் அவளுடைய இடது கன்னத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. அங்கே திட்டுத் திட்டாகக் கறுத்து, கண்ணுக்குக் கீழே ஒரு படை வேறு. வலது கன்னம் அம்மா பெற்றுப்போட்ட மாதிரியே இருந்தது. நாளெல்லாம் கண்ணாடி பார்க்கிறவள்தான், ஆனால் அதில் பின்னால் வரும் லாரியைத்தானே பார்த்தாள்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். இப்போது நடுவில் ரொட்டிக்காரர் வந்திருந்தார்.

அவர் ரொட்டி கம்பெனி வேன் ஓட்டுகிறவர். தினமும் காலையில் பெரிய சிக்னலில், அவளுடைய காருக்கு இடது பக்கம் அவர் வேன் வந்து நிற்கும். அவர் சீட் வலது பக்கம், அவள் சீட் இடது பக்கம். ஜன்னலுக்கு ஜன்னல் கை நீட்டினால் எட்டும். திரும்பிப் பார்க்கத்தான் வழியில்லை. அவள் காரை ஓட்டுவது பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவர் மேலிருந்து கண்ணை எடுத்தால் முன்னால் நிற்கிற வண்டிக்குள் புகுந்துவிடுவார். ரொட்டிக்காரரோ கூச்சத்தில் சிக்னல் விளக்கைத் தவிர வேறெதையும் நேராகப் பார்க்கமாட்டார். ஆக, இரண்டு பேரும் ஓரக்கண்ணாலேயே காலத்தை ஓட்டினார்கள். தொப்பி விளிம்பு, ஒரு மீசைப் பாதி, சிரிப்பில் ஒரு பாதி, இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அதற்கே அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பச்சை விழுந்ததும் பெரியவர் வண்டியை நிறுத்தாமல் நிறுத்திவிடுவார், அதாவது இன்ஜின் அணைந்துவிடும். மற்ற மாஸ்டர்கள் என்றால் தலையில் அடித்துக்கொள்வார்கள். இவள் மட்டும், "பரவாயில்லைங்கய்யா, நிதானமா எடுங்க" என்பாள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் தங்கை, அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். போகும் வழியில் அக்கா எலுமிச்சம்பழம் தேய்க்கலாமா என்று கேட்டதற்கு, "முகமா, பித்தளைச் சொம்பா?" என்றாள்.

டாக்டர் நிதானமான அம்மாள். விளக்கை வைத்துக் கன்னத்தைப் பார்த்தார்.

"நிறத்தை மாத்துற வேலை எனக்குத் தெரியாதும்மா. உங்க நிறத்துக்கு ஒரு குறையும் இல்ல. வெயில் பண்ற சேட்டையை நிறுத்தணும், அவ்வளவுதான். கார் கண்ணாடியை ஏத்தி விட்டாலும் வெயில் உள்ள வரும். காலையில முகத்தை மெதுவா கழுவுங்க, ஈரம் காக்கிற கிரீம் போடுங்க, அது மேல சன்ஸ்கிரீன். முகம், காது, கழுத்து எல்லாத்துக்கும், ரெண்டு பக்கமும். வெளியிலயே இருக்கறதால ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் திரும்பப் போடுங்க. ராத்திரி கழுவிட்டு கிரீம் மட்டும் போதும்."

"எப்ப சரியாகும் டாக்டர்?"

"திட்டு மங்கறதுக்கு மாசக்கணக்காகும். அவசரப்பட்டுக் கண்டதைத் தேய்க்காதீங்க."

சீட், கண்ணாடி, பெல்ட் என்று அவளே தினமும் ஓதுகிற பாடம் போலத்தான் இருந்தது. ஆனால் காதல் வந்தவளுக்குப் பாடம் ஏறுமா? நல்லா இருக்கிற வலது கன்னத்துக்கு எதற்கு வீண் செலவு என்று, மொத்தத்தையும் இடது கன்னத்திலேயே அப்பினாள். அதுவும் சரியாகத் தேய்க்காமல். காரில் ஏறிய பெரியவர் அவளைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு வெள்ளையடிக்கிறீங்களா மாஸ்டர்?" என்று விசாரித்தார்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒருநாள் சிக்னலில், ரொட்டிக்காரர் சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே அந்த விளக்கைக் கேட்பது போலக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எதிர்ல இருக்கிற டீக்கடைல ஒரு டீ சாப்பிடலாமா?"

அவளும் விளக்கைப் பார்த்தே, "அஞ்சு மணிக்கு" என்றாள். அன்றைக்கு இன்ஜினை அணைத்தது பெரியவர் இல்லை. அவள் கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்துவிட்டது.

சந்தோஷம் வீடு வந்து சேர்வதற்குள் பயமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றே நாள். டாக்டர் சொன்னதோ மாசக்கணக்கு. முதல் தடவையாக முழு முகத்தையும் பார்க்கப் போகிறவர், பாதி ஒரு நிறம் பாதி ஒரு நிறம் என்று கண்டு டீயை ஆற வைக்காமலே குடித்துவிட்டு ஓடினால்? ஞாயிறு அன்று அரைமணி முன்னாடியே போய், இடது கன்னம் சுவரைப் பார்க்க, வலது கன்னம் வாசலைப் பார்க்க ஒரு மேஜையைப் பிடித்தாள். போதாததற்கு இடது பக்கம் கூந்தலை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஐந்து மணி ஆனது. கடைக்குள் வந்ததெல்லாம் ஒரு குடும்பம், இரண்டு காலேஜ் பெண்கள், நீலச்சட்டை போட்ட ஓர் ஆள். தொப்பியும் மீசைப் பாதியும் வரவில்லை. நீலச்சட்டை எதிர்ச்சுவர் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்து, அதுவும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் இரண்டாவது டீ சொன்னாள். அதுவும் சொன்னது. பாவம், அதற்கும் யாரோ வரவேண்டும் போல என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு அவள் மனசு விட்டுப்போனது. என் வெள்ளைப்பூச்சைப் பார்த்தே மனசு மாறியிருப்பார் என்று தோன்றியது. எழுந்து வெளியே வந்து, சாலையைக் கடக்க சிக்னலில் நின்றாள். நடப்பவர்களுக்குச் சிவப்பு. இடது பக்கம் யாரோ வந்து நின்றார்கள்.

சிவப்பு விளக்கைக் கண்டால் அவள் கண் தானாக ஓரத்துக்குப் போகும், பழக்கதோஷம். போனது. நீலச்சட்டைக்கு மேலே, வெயிலில் வெந்த ஒரு கன்னம். ஒரு மீசைப் பாதி.

அந்த ஓரக்கண்ணும், கூந்தல் இடுக்கில் தெரிந்த அவள் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க வரவே இல்லையேன்னு..." என்றார் ரொட்டிக்காரர்.

"அஞ்சு மணியிலேருந்து சுவரோரமா உக்காந்திருந்தேனே."

"அது நீங்களா? வேற யாரோன்னு நெனச்சேன். எனக்கு இந்தப் பக்கம்தானே தெரியும்." அவர் விரல் அவளுடைய இடது கன்னத்தைக் காட்டியது. "நான் வேணும்னே நல்ல பக்கம் தெரியற மாதிரி உக்காந்தேன். எனக்கு வலது பக்கம் ரொம்பக் கருகியிருக்குங்க."

அவள் அப்போதுதான் அவர் வலது காதுக்குக் கீழே பார்த்தாள். வெள்ளையாக ஒரு திட்டு கிரீம், தேய்க்காமல் அப்படியே.

"உங்க கன்னத்துல தினமும் வெள்ளையா இருந்துச்சா, மருந்துக்கடைல போய்க் கேட்டேன்" என்றார் அவர் சங்கடமாக. "அங்க ஒரு பொண்ணு, ரெண்டு பக்கமும் போடணும்னு சொல்லிட்டு என்னைப் பார்த்து சிரிக்குது, சிரிக்குது, அப்படி சிரிக்குது."

அது யார் என்று சொல்வதற்குள் அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே கூந்தலை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகினாள். முழுசாகத் திரும்பி நின்றாள். அவரும் திரும்பினார். மறைக்க இனி இருவரிடமும் பக்கம் பாக்கியில்லை. கட்டைவிரலால் அவர் காதடியிலிருந்த கிரீமை அவள் மெல்லத் தேய்த்துவிட்டாள்.

பச்சை விழுந்தது. இரண்டு பேரும் நகரவில்லை. ஹாரன் அடிக்கப் பின்னால் யாரும் இல்லை.