ஓநாய்த் தோலின் பின்பக்கம்

பெரியவளுக்கு வலது மணிக்கட்டு வீங்கி நான்கு நாளாயிற்று. ஓநாய்க்கோ இன்னும் பாதி முதுகுதான் முளைத்திருந்தது.

நாடகக்காரர் கேட்டிருந்தது ஒரு கிழட்டு ஓநாயின் தோல். நடிகர் அதைத் தலையிலிருந்து கணுக்கால்வரை போர்த்திக்கொண்டு மேடையில் தவழ வேண்டும். முகத்தைப் பெரியவள் கையாலேயே உருட்டிக் குத்தி முடித்துவிட்டாள். உடம்புதான் உயிரை வாங்கியது. பழுப்புத் துணியில் சாம்பல் நிற ஆட்டு ரோமத்தைப் பரப்பி, முள் வைத்த ஊசியால் குத்திக்கொண்டே இருந்தால் ரோமம் துணியோடு சிக்கி இறுகும். உள்ளங்கை அளவு இடத்துக்கு ஆயிரம் குத்தாவது வேண்டும். ஆறு வாரமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஒத்திகைக்கு ஐந்தே நாள் இருந்தது.

அன்று காலை அவளுடைய ஓரகத்தி ஒரு மெஷினைத் தூக்கிவந்து மேஜையில் வைத்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். மெஷின் பார்க்கத் தையல் மெஷின் போலத்தான் இருந்தது. நூல் மட்டும் கிடையாது. ஒரு ஊசிக்குப் பதில் ஏழு.

"இதை யாரு கேட்டா?"

"உங்க மணிக்கட்டு கேட்டுச்சுக்கா. கையை அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"கையால குத்தினாதான் எங்க அழுத்தணும், எங்க விடணும்னு தெரியும். இதுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுதான். ஆனா அதுக்கு வலிக்காதே."

பெரியவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பெடலை மிதித்ததும் ஏழு ஊசியும் கடகடவென்று இறங்கின. ரோமம் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடியது. அதைப் பிடிக்கிற அவசரத்தில் துணியை வெடுக்கென்று இழுத்தாள். இரண்டு ஊசி ஒடிந்தது. மாற்றினாள், இன்னொன்று போயிற்று. மதியத்துக்குள் ஐந்து ஊசி.

"ஊசி மேல வந்தப்புறம் நகத்துங்கக்கா."

"வாயால சொல்றது சுலபம். நீ வந்து உட்காரு!"

சின்னவள் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் ஒரு ஊசிகூட ஒடியவில்லை. பெரியவளுக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டதுபோல் இருந்தது.

"ஒடியலன்னா போதுமா? பாரு, சப்பையா கிடக்கு!" என்றாள்.

அது பொய்யில்லை. கையால் செய்த இடத்தில் ரோமம் அடர்ந்து, புடைத்து, தடவினால் உயிருள்ளதுபோல் இருந்தது. மெஷின் பாதி ரோமத்தைத் துணிக்குள் துளைத்து அடுத்த பக்கம் தள்ளிவிட்டிருந்தது.

வேலை எப்படிப் போகிறதென்று பார்க்க மாலையில் நாடகக்காரர் வந்தார். கையால் செய்த முதுகைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். மெஷின் செய்த பக்கத்தைத் தூக்கினார். தற்செயலாகத் துணி புரண்டது. பின்பக்கம் முழுக்க, துளைத்து வந்த ரோமம் திட்டுத் திட்டாக, சொறி பிடித்ததுபோல் நின்றது.

"இதாம்மா! இதுதான் என் ஓநாய்!"

"சார், அது பின்பக்கம்."

"இருக்கட்டுமே. பத்து நாள் பட்டினி கிடந்த கிழடு அது. நீங்க கையால பண்ணினது ரொம்ப அழகு, மறுக்கல. ஆனா கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு. முழுசும் இப்படியே வேணும்."

"ஆறு வாரம் சார்."

அவர் அவளுடைய கட்டுப் போட்ட மணிக்கட்டைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "தெரியுதும்மா," என்றார். பிடித்திருந்த பின்பக்கத்தை மட்டும் விடவில்லை.

அவர் போனபின் பெரியவள் தோலை மேஜையில் விரித்துப் போட்டாள். பின்னியதென்றால் பிரித்துவிடலாம். குத்தி இறுகிய ரோமத்தைப் பிரிக்க வழியே இல்லை; துணியோடு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

"நான் வெட்டட்டுமாக்கா?"

"வேண்டாம். நான் பெத்தது, நானே வெட்டிக்கிறேன்."

இடது கையால் கத்தரிக்கோல் கோணல்மாணலாகக் கடித்தது. பாதி முதுகு கழன்று தரையில் விழ அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மெஷினையும், நாடகக்காரரையும், உலகத்தில் உள்ள ஓநாய்களையும் ஒன்று விடாமல் திட்டித் தீர்த்தாள். பிறகு பின்பக்கமே வெளியே தெரியும்படி புதுத் துணியில் சின்னவள் மெஷினை ஓட்ட, பெரியவள் பக்கத்தில் நின்று ரோமத்தைப் பரப்பிக் கொடுத்தாள். மூன்றே நாளில் முடிந்துவிட்டது. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

ஒத்திகையில் மஞ்சள் வெளிச்சத்தில் ஓநாய் தவழ்ந்து வந்தபோது, முன்வரிசைப் பெண் ஒருத்தி காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தானே இருக்கு?" என்று சின்னவள் காதோரம் கேட்டாள்.

"நல்லா இல்லன்னு நான் சொன்னேனா?" என்று பெரியவள் பல்லைக் கடித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சின்னவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அடுத்த நாடகத்துக்கு மூணு ஆடு கேட்டாருக்கா. சரின்னுட்டேன்," என்றாள்.

"யாரைக் கேட்டு ஒத்துக்கிட்ட?"

"மெஷின் இருக்கேக்கா."

"ஆடுன்னா புசுபுசுன்னு இருக்கணும்டி! சொறி ஆடா கேட்டாரு?"

பெரியவள் வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று ஆட்டுக்கு எத்தனை ஆயிரம் குத்து என்று கணக்குப் போடத் தொடங்கினாள்.