பகல் பத்து மணிக்கு மஃரிப்

பாயிஸ் ஹாஜியார் வாயை மூடிவிட்டால் மூடியதுதான். கண்டிக் கடைத்தெருவில் நாற்பது வருடம் செருப்புக் கடை வைத்திருந்தவர். விலையை ஒரு தரம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் அந்த உதடுகளிலிருந்து ஒரு சொல் வராது. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து ஊரே சிரித்திருக்கிறது. இப்போது அதே பிடிவாதம் மகள் ஜஹானாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

மறதி நோய் வந்து நாலு வருடமாகிறது. மனைவி மவுத்தாகி அடக்கப்பட்டதை மறந்தார், கடையை விற்றதை மறந்தார். மகன் ஹில்மி ஸலாம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தால், அவன் காலைப் பார்த்து என்ன சைஸ் என்று கேட்பார். வாயை இறுக்கி மூடுவதை மட்டும் மறக்கவில்லை.

போன மாதம் வந்த காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி நியுமோனியாவாகி அவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டுவிட்டது. அன்டிபயோடிக் மருந்துதான் காப்பாற்றியது. ஆனால் அந்த மருந்துக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. குடலுக்குள் தன்பாட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நல்ல பக்டீரியாக்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாரம் வயிற்றுப்போக்கு. உடம்பு வற்றி, இருந்த கொஞ்ச நினைவும் கலங்கிப்போனது. கட்டுகஸ்தோட்டை வீட்டின் பின்புறத்தில் படுக்கை விரிப்புகள் காயாத நாளே இல்லை.

வயிறு ஒருவாறு அடங்கியதும் ஜஹானா அவரை டவுனில் இருந்த பல் வைத்தியர் நிரஞ்சனியிடம் கூட்டிப்போனாள். நிரஞ்சனி ஹேவாஹெட்டப் பக்கத்துப் பெண். பேச்சு மெதுவாக வரும், ஆனால் எதையும் ஒளிக்கமாட்டாள். ஹாஜியாரின் வாயை அரை நிமிடம் திறக்க வைப்பதற்குள் அவளுக்கே வியர்த்துவிட்டது. ஈறு முழுக்க வீக்கம், தொட்ட இடமெல்லாம் இரத்தம். இந்த அழுக்குத்தான் மறதியைக் கொண்டுவந்ததா என்று ஜஹானா பயந்து பயந்து கேட்டாள். இப்படிப்பட்ட நோயாளிகளின் மூளையில் ஈறுக் கிருமிகளின் தடயம் இருந்ததாக ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள், ஆனால் கிருமி வந்து நோய் வந்ததா, நோய் வந்து பல் விளக்காமல் விட்டதால் கிருமி பெருகியதா என்பது இன்னும் தீராத வழக்கு என்றாள் நிரஞ்சனி. பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்.

"மறதிய என்னால நிப்பாட்ட முடியாதுங்க. ஆனா இந்த வாயில இருக்கறது திரும்ப நெஞ்சுக்குள்ள எறங்கிச்சின்னா, அடுத்த தடவ மருந்து கேக்குமான்னு சொல்ல முடியாது. காலையில ஒருக்கா, ராவைக்கு ஒருக்கா வாயச் சுத்தம் பண்ணுங்க. பகல்ல தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க. எச்சி ஊறுற வாய்தான் தன்னையே கழுவிக்கும். காய விட்றாதீங்க."

கேட்க எவ்வளவு சின்ன வேலை. ஜஹானா மூன்று பிள்ளைகளுக்குப் பல் விளக்கிவிட்டவள். வாப்பாவுக்கு விளக்க முடியாதா என்று நினைத்தாள்.

முடியவில்லை. பல் தூரிகையைக் கண்டாலே தாடை பூட்டிக்கொண்டது. விரலில் துணி சுற்றிக்கொண்டு போனாள். கடித்தார், நகம் கறுத்துப்போனது. சின்னம்மா முறையான மஸாஹிரா சாச்சி மக்காவிலிருந்து வந்த மிஸ்வாக் குச்சியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை மட்டும் மரியாதையோடு வாங்கி, முன்பல் இரண்டில் தேய்த்துவிட்டு, தலையணைக்குக் கீழே பத்திரமாக வைத்துக்கொண்டார். உள்ளே கடைவாய் நாறிக்கொண்டு கிடந்தது. சாச்சிக்கோ ஹாஜியாரையே வழிக்குக் கொண்டுவந்துவிட்ட பெருமிதம். நலம் விசாரிக்க வந்தவர்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனபடியே கருஞ்சீரகத்தைப் பற்றியும் தேனைப் பற்றியும் பாடம் நடத்திவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த வாய்க்குப் பக்கத்தில் வரவில்லை.

ஒன்று மட்டும் விளங்காமல் இருந்தது. பகல் முழுக்கத் தண்ணீருக்கும் திறக்காத வாய், பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னதும் தானாகத் திறந்தது. கஞ்சி குடித்தார், தயிர் சாப்பிட்டார், தூக்கக் கலக்கத்தில் ஒரு தடவை பல் விளக்கவும் விட்டார். விடிந்தால் மறுபடியும் பூட்டு. நோயின் போக்கு அப்படி என்று ஜஹானா நினைத்திருந்தாள். ஒரு பகலில் தண்ணீர்க் கோப்பையோடு அரை மணித்தியாலம் மன்றாடி, கடைசியில் வாய் நாறுது வாப்பா என்று அழுதேவிட்டாள். அப்போதுதான் அவர் பேசினார்.

"மகள், நான் நோம்பு. நோம்பாளிட வாய் நாறத்தான் செய்யும். அது அல்லாஹ்ட்ட கஸ்தூரி."

கண்டியில் பெரஹரா ஊர்வலம் போகும் மாதம் அது. அடுத்த ரமழானுக்கு இன்னும் அரை வருடம் கிடந்தது. ஆனால் ஹாஜியாருக்கு ஒவ்வொரு நாளும் ரமழான்தான். ஒரு நோன்பைக்கூடத் தவறவிடாத மனுசன்; எல்லாவற்றையும் தின்ற நோய், அந்த ஒரு பழக்கத்தைத் தின்னாமல் விட்டிருந்தது. ஜஹானா கோப்பையைக் கீழே வைத்தாள். கோபப்படவும் முடியவில்லை.

மௌலவியிடம் கேட்டாள். புத்தி பேதலித்தவர் மேல் நோன்பு கடமையே இல்லை, பயப்படாமல் கொடுங்கள் என்றார். அந்தத் தீர்ப்பு ஜஹானாவுக்குப் போதும், வாப்பாவுக்கு யார் சொல்வது? நோயாளிக்கு விலக்கு உண்டு என்று அவள் எடுத்துச் சொன்னாள். யார் நோயாளி என்று சுற்றிப் பார்த்தார்.

வழி கண்டுபிடித்தவன் ஹில்மி. காலையில் ஜன்னலை மூடி, மின்குமிழைப் போட்டு, போனில் பாங்கைப் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்றான். ஜஹானாவுக்கு உடம்பு கூசியது. பொய்ப் பாங்கு சொல்லி நோன்பாளியின் நோன்பை முறிப்பதா? கடமையே இல்லாத நோன்பை எப்படி முறிக்கிறது என்று அவன் மடக்கினான்.  அவளுக்குப் பாவம் என்று தெரிந்தது, எந்தப் பாவம் என்று தெரியவில்லை. அதே வேளை அந்த வாயிலிருந்து நெஞ்சுக்குள் இறங்கப்போவதும் அவள் கண்முன்னே நின்றது. சரி என்று தலையாட்டினாள்.

பகல் பத்து மணிக்கு அந்த அறையில் மஃரிப் வந்தது. ஜன்னலுக்குத் தடித்த போர்வை, மேசையில் கஞ்சியும் பேரீச்சம்பழமும், கதவுக்குப் பின்னால் போனும் ஹில்மியும். பாங்கு கேட்டதும் ஹாஜியார் இரண்டு கையையும் ஏந்தினார். மகனின் பெயரைத் தொலைத்த மனுசனின் வாயில் நோன்பு திறக்கும் துஆ ஒரு எழுத்துத் தட்டாமல் வந்தது. பிறகு வாயைத் திறந்தார். ஜஹானா பழத்தைக் கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள், மாத்திரைகளைக் கொடுத்தாள், கடைவாய் வரைக்கும் விளக்கினாள். சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும்தான். தொழுகைக்கு முகம் கை கழுவ வேண்டும் என்றார். படுக்கைக்கே பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து வுழூ செய்துவைத்தாள். அன்று மாலை நிஜப் பாங்குக்கும் அவர் வாய் திறந்தது. ஒரே நாளில் இரண்டு நோன்பு திறந்த ஹாஜியார் கண்டி மாவட்டத்திலேயே அவர் ஒருவர்தான்.

பத்து நாளில் ஈறுகளில் இரத்தம் நின்றது. வாடை இறங்கியது. தயிரும் கஞ்சியும் வயிற்றில் தங்கின. நிரஞ்சனி பார்த்துவிட்டு, எப்படிச் சமாளிச்சீங்க என்று கேட்டாள். ஜஹானா சிரித்து மழுப்பினாள். ஹில்மி புதுப் பள்ளிவாசலே கட்டி முடித்தவன்போல் நடமாடினான். அவள் மட்டும் ஒவ்வொரு காலையும் வாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போர்வையைத் தொங்கவிட்டாள்.

உடம்பு தேறியதே வினையாய் வந்தது. ஒரு நாள் பத்து மணிக் கஞ்சியைக் குடித்து முடித்தவர், பாத்திரத்துக்குக் காத்திருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து குளியலறைக்குப் போய்விட்டார். தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்த ஜஹானா ஓடிவந்தபோது, குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்தபடி நின்றார். மேலே இருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பத்து மணி வெயில் நேரே அவர் கையில் விழுந்துகொண்டிருந்தது.

வெயிலைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"மகள், பாங்கு சொன்னது யாரு?"

 அவளுக்குப் பின்னால் ஹில்மி போனும் கையுமாக நின்றான். ஹாஜியார் விரலைத் தொண்டைக்குள் விட்டு விழுங்கியதை வெளியே எடுக்கப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர வேறெதுவும் வரவில்லை. அவள் கையைப் பிடிக்கப் போனாள், விலகிக்கொண்டார்.

விடு, பின்னேரத்துக்குள் மறந்துவிடுவார் என்றான் ஹில்மி. அப்படித்தான் அவளும் நம்பப் பார்த்தாள். மாலை ஆனது. பள்ளிவாசலில் நிஜமான பாங்கு சொன்னார்கள். ஹாஜியார் அதைக் கேட்டார், ஜஹானாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தார், உதடுகளை மூடிக்கொண்டார். நடந்ததை மறந்திருக்கலாம். இந்த வீட்டில் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்பது மட்டும் உள்ளே தங்கிவிட்டது. கிடைத்துக்கொண்டிருந்த ஒரு வேளையும் போயிற்று. ஆசைப்பட்டு நானே கெடுத்தேன், நானே கெடுத்தேன் என்று ஜஹானா கஞ்சிப் பாத்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலை அவருடைய நாக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது. வாடை திரும்பிவிட்டது. நெற்றியில் புறங்கையை வைத்தாள். சூடா, பயமா என்று சொல்ல முடியாத ஒரு சூடு. போனில் கேட்ட நிரஞ்சனி நேரத்தை வீணாக்கவில்லை. இன்று மாலைக்குள் தண்ணீர் இறங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், சேலைன் ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் மூக்கால் குழாய் விடுவார்கள் என்றாள். போன மாதம் வார்டில் பார்த்தது ஜஹானாவுக்கு நினைவுக்கு வந்தது. குழாயைப் பிடுங்காமல் இருக்கப் பக்கத்துக் கட்டில் கிழவரின் இரண்டு கையையும் பண்டேஜால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள்.

அன்று அவளும் எதையும் தொடவில்லை. விடியற்காலை ஸுபஹுக்கு முன்னால் ஒரு மிடறு தண்ணீர் குடித்து நோன்புக்கு நிய்யத் வைத்திருந்தாள். திட்டம் என்று ஒன்றும் இல்லை. வாப்பாவிடம் சொல்ல இன்னொரு பொய் அவளிடம் மிச்சமில்லை, அவ்வளவுதான். நோயாளியைப் பார்க்கிறவளும் பட்டினி கிடந்து விழுந்தால் இரண்டு பேரையும் யார் தூக்குவது என்று மஸாஹிரா சாச்சி சத்தம் போட்டுவிட்டுப் போனாள். ஜஹானா வாப்பாவின் கட்டிலடியிலேயே இருந்தாள். போர்வையைக் கழற்றி மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். பகல் பகலாகவே அறைக்குள் வந்து போனது.

பொழுது சாயும் நேரத்தில் அவரைத் தாங்கிப் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினாள். வானம் முழுக்கத் தெரிந்தது. எதிர்மலையில் வெளிச்சம் மேலே ஏறி ஏறி, உச்சியில் கொஞ்ச நேரம் நின்று, போயிற்று. பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பமானது. ஜஹானா ஒரு கையில் பேரீச்சம்பழமும் மறு கையில் தண்ணீருமாக அவர் முன்னால் குந்தியிருந்தாள். நீட்டவில்லை. நீட்டப் பயமாக இருந்தது. இப்போது மூடினால் ராத்திரி ஆஸ்பத்திரி.

ஹாஜியார் வெகுநேரம் அவளுடைய காய்ந்த உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயும் நோம்பா?"

"ஓம் வாப்பா. நானும் நோம்பு."

"அப்ப நீ முதல்ல தொற."

அவள் பிஸ்மி சொல்லிப் பழத்தைக் கடித்தாள், தண்ணீர் குடித்தாள். அது தொண்டையில் இறங்குவதை அவர் கண் எடுக்காமல் பார்த்தார். பிறகு, மெதுவாக, தானும் வாயைத் திறந்தார்.

முதலில் ஒரு மிடறு. இருமவில்லை. இன்னொரு மிடறு. பாதிக் கோப்பை தண்ணீர் இறங்கியது. கஞ்சிக்குப் பிறகு, அங்கேயே கதிரையில் வைத்து, கடைவாயிலிருந்து முன்பல் வரைக்கும் விளக்கிவிட்டாள். தூரிகையில் மறுபடியும் இரத்தம் இருந்தது. நெற்றியில் அந்தச் சூடும் அப்படியே இருந்தது. ஹாஜியார் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அவளைக் கேட்டார்.

"நாளைக்கும் புடிப்பியா, மகள்?"

ரமழான் என்றால் இருபத்தொன்பதோ முப்பதோ, பிறை வந்து முடித்துவைக்கும். வாப்பாவின் மாதத்தை முடித்துவைக்க எந்தப் பிறையும் வரப்போவதில்லை என்று ஜஹானாவுக்குத் தெரியும்.

"புடிப்பேன் வாப்பா" என்றாள். அவரைப் படுக்க வைத்துவிட்டு, விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கு அரிசி களையப் போனாள்.