பதிவில் கேட்ட குரல்

கரண்ட் போனால் புகார் சொல்லும் அலுவலகத்தில் போன் எடுப்பவர் என் மூத்த ஓரகத்தி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் அவருக்கு ‘வானிலை’ என்று பட்டப்பெயர். காலையில் பாட்டு, பத்து மணிக்கு இடி, மத்தியானம் மழை. முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். நானும்தான்.

ஒருநாள் மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, ஒரே காலையில் அவர் பேசிய மூன்று அழைப்புகளின் பதிவைப் போட்டுக் காட்டினார். முதலாவதில் ஒரு பெரியவரிடம் கலகலவென்று பேசி, அவர் வீட்டு நாயைக்கூட நலம் விசாரிக்கிறார். இருபது நிமிஷம் கழித்து ஒரு பெண்ணிடம், கேள்வியை முடிக்க விடாமல் எரிந்து விழுகிறார். மூன்றாவதில் ‘சொல்லுங்க’ என்பதற்கே குரல் எழும்பவில்லை. மேலதிகாரி கண்டிக்கத்தான் கூப்பிட்டார். அக்கா மூன்றையும் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாராம். வேறு யாராக இருந்தாலும் வேலைப்பளு என்று மழுப்பியிருப்பார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும், மனநல டாக்டரிடம் போகணும், கூட வா என்றார் என்னிடம். நாலு நாள் லீவு போட்டுத் தூங்கினால் சரியாகிவிடும் என்றார் மாமியார்.

“தூக்கமே வரல அத்தை. அதைச் சொல்லத்தான் போறேன்.”

போவதற்கு முன் இரண்டு வாரம் குறிப்பெழுதினார். எத்தனை மணிக்கு, என்ன மனநிலை, எவ்வளவு நேரம். ஓர் இடத்தில் ‘பயங்கர கோபம். காரணம்: கரண்டி விழுந்தது’ என்றிருந்தது. டாக்டரம்மா அதைப் படித்துச் சிரித்தார், அக்காவும் சிரித்தார். தூக்கம், மாதவிலக்கு, தைராய்டு, குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, வாழவே வேண்டாம் என்று தோன்றியதுண்டா என்று மெதுவாகக் கேட்டார். என்னை வெளியே இருக்கச் சொல்லலாமா என்றும் கேட்டார்.

“அவ இருக்கட்டும் டாக்டர். வீட்ல ஒருத்தருக்காவது தெரியணும். ரெண்டு தடவை தோணிருக்கு. எதுவும் செஞ்சுக்கல. ஆனா தோணுச்சு.”

ஒரே அடுப்பில் சமைக்கிறோம். எனக்குத் தெரியாது. அந்தப் பட்டப்பெயரை நினைத்து வெட்கமாக இருந்தது.

டாக்டர் அன்றே நோய்க்குப் பெயர் வைத்துவிடவில்லை. ரத்தப் பரிசோதனை எழுதினார். அந்த எண்ணம் திரும்ப வந்தால் உடனே கூப்பிட ஒரு நம்பரை எங்கள் இருவருக்கும் கொடுத்தார். மூன்றாவது தடவை போனபோதுதான் மாத்திரை. அது அக்காவை நின்றபடியே தூங்க வைத்தது. அப்போதும் தானாக நிறுத்தவில்லை. போன் போட்டுச் சொல்லி, அளவை மாற்றிக்கொண்டார்.

எட்டு மாதமாகிறது. கோபம் இன்னும் வருகிறது. “இப்ப ஏறுது, அரை மணி கழிச்சுப் பேசலாம்” என்று கணவரிடம் சொல்லிவிட்டு நடக்கப் போய்விடுகிறார்.

போன வாரம் டாக்டரிடம் தனியாகவே போய்வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கை கால் கழுவிக்கொண்டு வந்து, வெங்காயம் உரித்தபடி அவரே எல்லாம் சொன்னார்.