எஸ்ஸும் இஸட்டும்

விடுதியின் உணவுக்கூடத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் அக்காள் கணவர். பரிமாறுபவர்களுக்கெல்லாம் அவர்தான் கேப்டன். அக்காள் வீட்டிலேயே தங்கியிருந்ததால் வேலையிலும் வீட்டிலும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டியிருந்தது.

சேர்ந்த மூன்றாம் நாள் வெளிநாட்டு விருந்தினர் நால்வருக்கு மெனு அட்டையை வாசித்துக் காட்டினாள். மீனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலம் என்று நினைத்து "பாய்ஸன்" என்றாள். விருந்தினரில் ஒருவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

கேப்டன் அவர்கள் முன்னாலேயே உரக்கச் சிரித்தார். "என் மச்சினி உங்களுக்கு விஷம் வைக்கப் பாக்குறா!"

அன்று மாலைக்குள் சமையலறை முழுக்க அவள் பெயர் 'விஷம்' ஆகிவிட்டது. "ஏ விஷம், ரெண்டாம் மேசைக்குத் தண்ணி!" வீட்டிலும் விடவில்லை. "இது உன் தங்கச்சி செஞ்சதா? அப்ப எனக்கு வேணாம்" என்று தட்டைத் தள்ளுவார். அக்காளும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது அந்தச் சிரிப்புதான்.

பழைய புத்தகக் கடையில் ஆங்கில அகராதி ஒன்றும் பிரெஞ்சு அகராதி ஒன்றும் வாங்கினாள். ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் உச்சரிப்புக் குறிகள் இருந்தன. தலைகீழாக நிற்பவை, தலையில் நெளிகோடு சுமப்பவை. எஸ் குறி என்றால் காற்று மட்டும் சீறும். இஸட் குறி என்றால் தொண்டை அதிரும். பிரெஞ்சில் மீனுக்கும் விஷத்துக்கும் நடுவே அந்த ஒரு குறிதான் நின்றது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

அந்தக் குறிகளை எழுதி அவள் பீரோ கதவில் ஒட்டியிருந்த தாள்களை ஒருநாள் கேப்டன் கிழித்தெறிந்தார். "கோழி கிளறின மாதிரி இருக்கு! நான் பதினஞ்சு வருஷமா காதால கேட்டுப் பழகினவன். பொம்மை பாத்து பாஷை கத்துக்கப் போறாளாம்!"

அவள் மறுநாள் எல்லாவற்றையும் மறுபடி எழுதினாள்.

ஏழு மாதம் கழித்து, மாடியில் திறக்கவிருந்த புதுக்கூடத்துக்குப் பொறுப்பாளர் தேவைப்பட்டார். மேலாளர் அம்மாள் எல்லோரையும் நிற்கவைத்து, மெனுவைப் பிரெஞ்சில் வாசிக்கச் சொன்னார். கேப்டன் ஓர் இடத்தில்கூடத் தயங்காமல் வாசித்து முடித்தார்.

"அத்தான், கடைசிச் சொல்லை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் அவள்.

அது சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பு வகைக்கான சொல். அவர் அலட்சியமாகச் சொன்னார்.

"தொண்டையில கை வச்சுச் சொல்லுங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் வைத்தார், சொன்னார்.

"அதிருதா? அதிரக் கூடாது. அதே எழுத்துதான், இங்கிலீஷ்ல அதிரும், பிரெஞ்சுல அதிராது. நீங்க இத்தனை வருஷமா விருந்தாளிங்களுக்கு இனிப்புன்னு சொல்லிப் பாலைவனத்தைக் குடுத்திருக்கீங்க."

மேலாளர் அம்மாள் அவள் கையிலிருந்த அகராதியை வாங்கிப் பார்த்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேப்டனின் காது மடல்கள் சிவந்தன. பொறுப்பு அவளுக்குக் கிடைத்தது.

வீட்டுக்குப் போனபோது அவளுடைய பெட்டி வாசலில் இருந்தது.

"சோறு போட்ட கையைக் கடிச்சிட்டியேடி. நாலு பேர் முன்னால அவர் மானத்தை வாங்கித்தான் நீ பெரியாளாகணுமா?" என்றாள் அக்காள்.

"என் மானத்தை வாங்கினப்ப நீ சிரிச்சியே."

"அது விளையாட்டு!"

"எனக்கு விளையாட்டில்லக்கா."

"போ. இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதே."

விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்தாள். தனியே சொல்லியிருக்கலாமோ என்று ஓரிரு முறை தோன்றியது. தனியே சொன்னால் அவர் கேட்டிருப்பாரா என்று யோசித்ததும் அந்த எண்ணம் அறுந்தது. கேப்டன் அவளுக்குக் கீழே வேலை செய்ய மறுத்து, காலை உணவுப் பிரிவுக்கு மாறிக்கொண்டார். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்தபடி நடப்பார்.

இரண்டு வருடம் கழித்து அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்காளை அவள் அழைக்கவில்லை. சேதி தெரிந்தும் அக்காள் வரவில்லை.