மெதுவாக ஆறிய அடித்தட்டு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது எங்கள் தொழிற்சாலையில் தெரியாதவர்கள் கிடையாது. உலைப் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. பன்னிரண்டு வருஷமாக இரும்பைச் சூடாக்கி ஆற வைப்பதுதான் பிழைப்பு. அன்று காலை லேப்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, "வேலை தலைக்கு மேல கிடக்கு, வேணும்னா அவரையே வரச் சொல்லு" என்று விரட்டிவிட்டேன்.

அவர் வந்துவிட்டார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. சாப்பாட்டு வேளைக்குக்கூட அந்த அறையை விட்டு நகராத மனிதர் அவர். எதையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பேர் பூதக்கண்ணாடி.

"ஏம்மா, நாலு மாசம் முன்னாடி ஆசிட் ஃபேக்டரிக்கு ஒரு தொட்டி போச்சே, அதோட அடித்தட்டை எப்படி ஆற வச்சீங்க?"

"தண்ணியிலதான். ஃபைல்ல எழுதியிருக்கே, பாக்கலையா?"

"எழுதியிருக்கறதைப் பாத்துட்டுத்தான் கேக்கறேன். கொஞ்சம் வாங்க."

அவர் பின்னால் போனேன். உண்மையில் நான் அதைத் தண்ணீரில் போடவில்லை.

அந்த அடித்தட்டு, ஓர் ஆள் உள்ளே கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரிய கிண்ணம். துருப்பிடிக்காத எஃகு. அழுத்தி வளைத்த பிறகு ஆயிரத்து ஐம்பது டிகிரிக்குச் சூடாக்கி, எடுத்த கையோடு தண்ணீரில் இறக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முந்தைய தட்டை அப்படித்தான் இறக்கினேன். கோணிக்கொண்டுவிட்டது. "இதுக்குத்தான் பொம்பளையை உலைப் பக்கம் விடக்கூடாதுங்கறது" என்று மேனேஜர் பத்துப் பேர் முன்னால் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எனவே அடுத்த தட்டுக்கு உலைக் கதவைத் திறக்கவே இல்லை. நெருப்பை அணைத்துவிட்டு, உள்ளேயே ஒன்றரை நாள் கிடந்து ஆறட்டும் என்று விட்டேன். சாதாரண இரும்பை அப்படித்தான் பக்குவமாக ஆற வைப்போம். கோணாது, விரிசல் விடாது. இதுவோ துருவே பிடிக்காத இரும்பு, இதற்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது. தட்டு வட்டம் பிசகாமல் வந்தது, மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. உலையின் சூட்டைத் தாளில் கோடாக வரைந்துகொண்டே வரும் பேனா ஒன்று எங்களிடம் உண்டு. கோடு உச்சியில் நின்ற இடத்தோடு தாளைக் கிழித்து ஃபைலில் வைத்தேன். மெதுவாக இறங்கிய கோடு குப்பைக்குப் போனது. "ஆற வைத்த முறை: தண்ணீர்" என்று என் கையாலேயே எழுதினேன்.

அந்தத் தொட்டி போன இடத்தில்தான் என் தம்பி வேலை பார்க்கிறான். தொட்டி நான்கு கால்களில் உயரமாக நிற்கிறது. உள்ளே சூடான நைட்ரிக் ஆசிட். அடியில் இருக்கும் வால்வைத் திறந்து மூடுவது அவன் வேலை. அதாவது, நான் ஆற வைத்த தட்டு ஒரு நாளில் எட்டு மணி நேரம் அவன் தலைக்கு மேல் இருக்கிறது.

லேப்பில் பூதக்கண்ணாடி ஒரு சின்னத் துண்டை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தார். தட்டோடு சேர்த்து உலையில் வைத்து எடுத்த சோதனைத் துண்டு. அப்போது அனுப்பிய அவசரத்தில் யாரும் சோதிக்கவில்லை, அலமாரியிலேயே தூங்கியிருக்கிறது. இப்போது வேறொரு வாடிக்கையாளர் பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டதால் இவர் அதைத் தூசு தட்டியிருக்கிறார்.

"பளபளன்னு தேச்சு, ஆசிட்ல முக்கி, ஒன்றரை நிமிஷம் கரண்ட் விட்டேன். பாருங்க."

பார்த்தேன். எஃகின் உள்ளே சின்னச் சின்ன மணிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. ஒவ்வொரு மணியையும் சுற்றிக் கறுப்பாக ஒரு பள்ளம். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"துருப்பிடிக்காம காப்பாத்தறது குரோமியம்தாம்மா. மெதுவா ஆறினா, உள்ள இருக்கற கார்பன் மணியோட ஓரத்துக்கு வந்து குரோமியத்தை இழுத்து வச்சுக்கும். ஓரத்துல காவல் போயிடும். சட்டுனு தண்ணியில போட்டா அதுக்கு நேரமே கிடைக்காது. ஒரு சுவர்னு வச்சுக்கோங்க, இப்ப செங்கல்லாம் நல்லாத்தான் இருக்கு, நடுவுல இருக்கற சாந்து மணலாப் போச்சு. வெளியில பாத்தா கண்ணாடி மாதிரி மின்னும். ஆசிட் ஓரம் ஓரமாத் தின்னுக்கிட்டே போகும்."

எவனாவது எதிர்த்துப் பேசினால் பத்துப் பதில் கொடுக்கிறவள் நான். அன்றைக்கு இதைத்தான் சொன்னேன்.

"நான் தண்ணியில போடல சார்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "துண்டு கெட்டிருக்குன்னு நான் எழுதினா, துண்டுதானே கெட்டது, தட்டு நல்லா இருக்கும்னு வாதாடுவாங்க. நீங்க வாயத் திறந்தாதான் ஆச்சு" என்றார்.

மேனேஜரிடம் போய் வாயைத் திறந்தேன். முதலில் கதவைச் சாத்தினார். "இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலைல்ல? திங்கக்கிழமை பேசிக்கலாம். அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க" என்றார். திங்கட்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. வெளியே வந்ததும் ஆசிட் ஃபேக்டரிக்கே போன் செய்தேன். எடுத்த பெண், அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார், எழுதி அனுப்புங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தம்பியின் போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். நாலு மணி டீக்குத்தான் கையில் கிடைக்கும். மூன்றரை மணியிலிருந்தே நான் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. வேலையை நினைத்து இல்லை. அவன் தலையை நினைத்து.

நாலு அடித்து இரண்டு நிமிஷத்தில் எடுத்தான். "என்னக்கா, இருபது மிஸ்டு கால்! வீட்டுல யாருக்காவது ஏதாவதா?"

"டேய், அந்தத் தொட்டிக்குக் கீழ போகாத."

அந்தப் பக்கம் அவன் டீ கிளாஸை வைக்கும் சத்தம் கேட்டது.

"கேக்குதாடா? அடித்தட்டை நான் சரியா ஆற வைக்கல. உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டு இருக்கும். எப்ப வேணா கசியலாம்."

"கசியுதுக்கா" என்றான்.

"என்னடா சொல்ற?"

"பதினஞ்சு நாளா. வெல்டிங் தையல் ஓரமா வேர்வை மாதிரி பூக்கும். சூப்பர்வைசர் வர்றதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தித் துடைச்சுடுவேன். கையுறை போட்டுக்கிட்டுத்தான், திட்டாத."

"அறிவு இருக்காடா உனக்கு? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"நீ செஞ்சதுன்னு இங்க எல்லார்கிட்டயும் பீத்தி வச்சிருக்கேன். சொன்னா உன்னைத்தானே கேப்பாங்க."

என் பேரைக் காப்பாற்ற நான் ஒரு தாளைக் கிழித்தேன். அதே பேரைக் காப்பாற்ற இவன் பதினைந்து நாளாக ஆசிட்டுக்கு அடியில் துணியோடு நின்றிருக்கிறான்.

"உடனே போய்ச் சொல்லு. தொட்டியைக் காலி பண்ணச் சொல்லு. அக்கா தண்ணியில போடாம பொய்யா எழுதிட்டான்னு சொல்லு. என் நம்பரைக் குடு."

"உனக்கு வேலை போயிடுமேக்கா."

"போகட்டும்."

அவன் மெல்லக் கேட்டான். "நான் துடைச்சதையும் சொல்லணுமா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அவனுக்கு இரண்டு குழந்தைகள். நான் சொல்வதைத்தான் கேட்பான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் எத்தனை நாளாகக் கசிகிறது என்று தெரியாமல், இன்று புதிதாகத் துளிர்த்தது என்று நினைத்து, அடைப்பு வைக்க இன்னொருவனை அதன் அடியில் அனுப்புவார்கள்.

"அதையும் சொல்லுடா" என்றேன். "எந்த இடம், எத்தனை நாள், எல்லாத்தையும் சொல்லு."

"சரிக்கா" என்றான். ஆனால் போனை வைக்கவில்லை. அவன் நடப்பது கேட்டது, பிறகு ஓடுவது கேட்டது. ஒரு கதவு திறந்தது. "சார்" என்று கூப்பிட்டான்.