யாரும் நடக்காத சந்து

நகராட்சி நோட்டீஸ் ஒட்டிய அன்று காலையில் அந்தச் சந்துக்குள் யாராலும் நுழைய முடியவில்லை. நோட்டீஸைப் படிக்க நின்ற கூட்டம் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. "கீழ்த்தெருவையும் ஆஸ்பத்திரி சாலையையும் இணைக்கும் நடைபாதை பொதுமக்கள் பயன்பாட்டில் இல்லாத காரணத்தால்" என்று அது ஆரம்பித்தது. அந்த நிலத்தைப் பக்கத்துக் காலி மனையோடு சேர்த்து வணிக வளாகம் கட்டக் கொடுக்கப் போகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாமாம்.

"கொஞ்சம் தள்ளுங்க, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று பின்னாலிருந்து ஆஸ்பத்திரி நர்ஸ் குரல் கொடுத்தாள்.

"எந்த டியூட்டி? நீங்க இந்தப் பக்கம் வர்றதே இல்லையாம் சிஸ்டர். அச்சடிச்சே ஒட்டியிருக்காங்க" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். சந்து முனையில் கடை வைத்திருந்த தையல்காரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருடமாக அவள் மிஷின் அந்தச் சந்தைப் பார்த்தபடிதான் ஓடுகிறது. எந்த டீச்சர் எத்தனை மணிக்கு ஓட்டமும் நடையுமாகப் போவார், டயாலிசிஸ் முடிந்து வருகிறவர் எந்தச் சுவரில் கை ஊன்றி மூச்சு வாங்குவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சந்து வழியாக ஆஸ்பத்திரிக்கு ஆறு நிமிடம். அது இல்லாவிட்டால் பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம். அதிலும் பிளாட்பாரம் பாதித் தூரத்துக்குத்தான்.

மறுநாள் மதியம் தையல்காரியும் நர்ஸும் சைக்கிள் கடைக்காரரும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். ஒன்றாம் கவுண்டரில் மூன்றாம் கவுண்டரில் கேட்கச் சொன்னார்கள். மூன்றாம் கவுண்டரில் மாடியைக் காட்டினார்கள். மாடியில் இருந்த அதிகாரி, தலையை நிமிர்த்தாமலேயே பேசினார்.

"ஆய்வு நடத்தித்தாம்மா முடிவு எடுத்திருக்கோம். சும்மா எடுக்கல."

"எப்ப சார் நடந்துச்சு? நாங்க யாரும் பாக்கலையே?"

"உங்களைக் கேட்டுட்டா நடத்துவாங்க?"

சைக்கிள் கடைக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தையல்காரி அவர் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த கிளார்க் பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள் போல. "அந்த அறிக்கையை நீங்க பாக்கலாம், உங்களுக்கு உரிமை இருக்கு. ஒரு மனு எழுதிக் கொடுங்க" என்றாள் மெதுவாக. மனு எழுதிக் கொடுத்து ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு ஃபைல் வந்தது.

அறிக்கை ஒரே ஒரு பக்கம்தான். ஆய்வு செய்த தேதி. பயன்படுத்தியவர்கள்: நான்கு பேர். கீழே கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைத் தையல்காரிக்குத் தெரியும். முதல் எழுத்தை வளைத்து, கடைசி எழுத்துக்கு அடியில் கோடு இழுத்துப் புள்ளி வைத்த கையெழுத்து. அப்பா இறந்த பிறகு அவளுடைய பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகளில் எல்லாம் 'பெற்றோர்' என்ற இடத்தில் இருந்தது அதேதான். அக்காவின் கணவர், நகராட்சி ஊழியர். அவளை வளர்த்து ஆளாக்கிய மாமா.

"என்ன, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?" என்றாள் நர்ஸ்.

"ஒண்ணுமில்ல. வாங்க போகலாம்."

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனாள். மாமா மேசை மேல் போர்வையை மடித்துப் போட்டு, மறுநாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். போன மாதம் அவள் காலரைத் திருப்பித் தைத்துக் கொடுத்த சட்டை அது.

"மாமா, எங்க சந்துல நாலே பேர்தான் நடக்குறாங்களா?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. "அதைப் பாத்துட்டியா?"

"பாத்தேன். நீங்க போன தேதியையும் பாத்தேன். அன்னைக்கு அரசு விடுமுறை. காலையில இருந்து மழை வேற. நானே கடை திறக்கல."

"போகச் சொன்னாங்க, போனேன். ஒரு மணி நேரம் குடை பிடிச்சு நின்னேன். நாலு பேரு போனாங்க, நாலுன்னு எழுதினேன். அதுல பொய் எதுவும் இல்ல."

"மழைன்னு எழுதலையே."

அவர் சட்டைக் கையை எடுத்துத் திரும்பவும் தேய்க்க ஆரம்பித்தார். ஏற்கெனவே தேய்த்த கைதான்.

அக்கா அடுக்களையிலிருந்து வந்தாள். "வேலை செய்ற மனுஷனை வீடு தேடி வந்து விசாரிக்கிறியா? ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு அவருக்கு. மேல இருக்குறவன் சொன்னதைச் செய்யாம என்ன பண்ணுவாரு?" என்று தங்கையைப் பிடிபிடியென்று பிடித்தாள். தையல்காரி எழுந்துவிட்டாள். செருப்பை மாட்டும்போது, "நான் உங்களைக் குத்தம் சொல்ல வரல மாமா. உங்ககிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேப்பேன்?" என்றாள். அக்கா போட்டுவைத்த காபி அப்படியே ஆறிப்போனது.

அந்தக் கையெழுத்து யாருடையது என்று தெருவில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து, தன் கடையில் கூடியவர்களிடம், "நாமே எண்ணுவோம்" என்றாள்.

"எதை?"

"ஆளை. ஏழு நாள். காலை ஆறுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும். யாரு எத்தனை மணிக்குப் போறாங்க, எந்தப் பக்கம் போறாங்க, எல்லாத்தையும்."

முதல் நாள் ஒரே கூத்தாக இருந்தது. போனவரே திரும்பி வந்தால் ஒன்றா இரண்டா என்று சைக்கிள் கடைக்காரரும் தெருவில் குடியிருந்த கணக்கு டீச்சரும் அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். அந்த அரை மணியில் போனவர்களை எண்ண விட்டுப்போயிற்று. இடுப்பில் இருக்கும் குழந்தையைச் சேர்ப்பதா என்று இன்னொரு சண்டை. நடக்கிற கால்களைத்தான் எண்ண வேண்டும் என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னார். "அப்ப அந்தா போற நாய்க்கு நாலு காலு, ரெண்டு ஆளுன்னு எழுதணும்" என்றார் சைக்கிள் கடைக்காரர். அதற்குப் பிறகு டீச்சர் நோட்டில் கட்டம் போட்டு, நேரம், திசை, எண்ணியவர் கையெழுத்து என்று எழுதிக் கொடுத்தார். முதல் நாள் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுநாளிலிருந்து புதிதாக ஆரம்பித்தார்கள்.

ஆளுக்கு இரண்டு மணி நேரம். நர்ஸ் இரவு டியூட்டி முடிந்து வந்து, தூக்கக் கண்ணோடு ஆறு மணிக்கு உட்கார்ந்தாள். தையல்காரி ஒரு கையால் துணியைத் தள்ளிக்கொண்டே மறு கையால் கோடு போட்டாள். அந்த வாரம் இரண்டு ரவிக்கைகளுக்குக் கை மாறிப் போய்ப் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது.

நான்காம் நாள் மதியம், எண்ணுவதற்காக நாற்காலியில் இருந்தவர் வீட்டுக்கு அவசரமாகக் கிளம்ப, அடுத்தவர் வரவில்லை. கடையில் ஒரு கல்யாண ஆர்டர் காத்திருந்தது. தையல்காரி தவித்துக்கொண்டிருந்தபோது சந்துக்குள்ளிருந்து அக்கா வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேனாவைக் குடு."

"அக்கா..."

"பேச்சுக் குடுக்காத, எண்ணிக்கை தப்பிடும்."

அதற்குப் பிறகு மூன்று நாளும் மதியத்தில் அவள்தான் உட்கார்ந்தாள். மாமாவைப் பற்றி இவள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கடைசி நாளன்று கிளம்பும்போது மட்டும், "சரியாத் தூங்குறதில்லை அவரு" என்றாள்.

ஏழு நாளில் ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினேழு நடைகள். டீச்சர் மூன்று தடவை கூட்டிப் பார்த்தார். நோட்டோடு, அறுபத்தெட்டு வீட்டுக்காரர்கள் தனித்தனியாக எழுதிய ஆட்சேபக் கடிதங்களும் நகராட்சிக்குப் போய்ச் சேர்ந்தன.

விசாரணைக் கூட்டம் நகராட்சி மன்றத்தில் நடந்தது. எதிர் வரிசையில் நகராட்சித் தலைவியும் கவுன்சிலர்களும், பக்கவாட்டில் ஊழியர்கள். ஊழியர் வரிசையின் கடைசி நாற்காலியில் மாமா மடியில் ஃபைலோடு இருந்தார். தெருக்காரர்கள் சார்பில் பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். தையல்காரி மைக்கின் முன்னால் போய் நின்றாள். எழுதி வைத்ததை விட்டுவிட்டு, காலை ஆறு மணியிலிருந்து யார் யார் போவார்கள் என்று கண்ணால் பார்த்ததையே சொல்லிக்கொண்டு போனாள். நர்ஸ், டீச்சர், சுவரில் கை ஊன்றி நிற்கிறவர், தள்ளுவண்டிக்காரி. காலை எட்டு மணி வரை சொல்லி முடிப்பதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

மாடி அதிகாரி எழுந்தார். "மேடம், அவங்க ஒரு நோட்டுல கோடு போட்டு எடுத்துட்டு வந்திருக்காங்க. நம்மகிட்ட இருக்குறது முறையான அரசு ஆய்வு."

தலைவியம்மாள் அறிக்கையையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் நாலு. இன்னொரு பக்கம் ஒன்பதாயிரம்.

"மேடம்" என்று கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. மாமா எழுந்து நின்றிருந்தார். "அந்த ஆய்வு நான் செஞ்சது. விடுமுறை நாள்ல, மழையில, ஒரே ஒரு மணி நேரம் நின்னு எடுத்தது. அதை வச்சு இந்த முடிவை எடுக்கக் கூடாதுங்க."

மாடி அதிகாரி அவரை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். அவர் உட்காரவில்லை.

"இதை ஏன் அறிக்கையிலேயே எழுதல?" என்று தலைவி கேட்டார்.

"படிவத்துல அதுக்கு இடம் இல்லைங்க." கையிலிருந்த ஃபைலை நாற்காலியில் வைத்தார். "இடம் இல்லாட்டியும் நான் எழுதியிருக்கணும்."

தையல்காரி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை எடுக்காமல் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் கடைக்காரர் பின்னாலிருந்து, "யாரு இவரு?" என்று காதைக் கடித்தார்.

"எங்க மாமா" என்றாள் தையல்காரி. எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

அன்றைக்கே வெற்றி கிடைத்துவிடவில்லை. முடிவைத் தள்ளிவைத்து, மறு ஆய்வுக்கு உத்தரவு போட்டார்கள். அந்த ஆய்வு வேலை நாட்களில் நடந்தது. இரண்டு மாதம் கழித்து வந்த தீர்மானத்தில் சந்து சந்தாகவே இருக்கும் என்று இருந்தது. வணிக வளாகம் காலி மனையில் வரத்தான் போகிறது. அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் சந்துப் பக்கம் ஆறடி உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும், வழிநெடுக விளக்குப் போட்டுத் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். நோட்டீஸை ஒட்டினவர்களே வந்து சுரண்டி எடுத்துவிட்டுப் போனார்கள்.

மாமாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். மேலிடத்தில் முறைத்தார்கள். பிறகு பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். தூசியும் தும்மலுமான அறை. "நிம்மதியா இருக்கு. அங்க யாரும் எதையும் எழுதச் சொல்றதில்ல" என்றார் அவர். இப்போது ஆய்வுப் படிவத்தில் 'வானிலை', 'நாள் வகை' என்று இரண்டு கட்டங்கள் கூடுதலாக வந்திருப்பதாக அந்தக் கிளார்க் பெண் ஒருநாள் கடைக்கு வந்தபோது சொன்னாள். கவுன் தைக்கக் கொடுக்க வந்திருந்தாள். சந்து வழியாகத்தான் வந்தாளாம்.

அடுத்த மாத மன்றக் கூட்டத்துக்குத் தையல்காரி கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் போனாள். பார்வையாளர் இருக்கையில் கணக்கு டீச்சர் ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருந்தார். நர்ஸ் வந்தாள். அக்கா வந்தாள். கீழ்த்தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து வரிசையாக உட்கார்ந்ததைப் பார்த்துத் தலைவியம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கினார்.

"இன்னைக்கு உங்க தெரு விஷயம் எதுவும் இல்லையேம்மா?"

"தெரியும் மேடம்" என்றாள் தையல்காரி. "சும்மா கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."