ஐந்தங்குலம்தான் கேட்டேன்

அண்ணன் பெட்டியைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்து, "பார், அசந்துடுவ" என்றான். பெட்டியின் மேல் வளையத்தோடு சனிக்கிரகம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 525 மடங்கு.

அவள் அசரத்தான் செய்தாள். அவள் கேட்டது இது இல்லை.

மூக்குக்கண்ணாடிப் பட்டறை ஒன்றில் பதினான்கு வருஷமாக லென்ஸ் தேய்க்கிறவள் அவள். ஊரார் கண்ணுக்கெல்லாம் தேய்த்துக் கொடுத்தவளுக்குத் தன் கண்ணுக்கென்று ஒரு தொலைநோக்கி வாங்க ஆசை வந்தது. அவசரப்படவில்லை, எட்டு மாதம் படித்தாள். முன்னால் லென்ஸ் வைத்தது ஒரு வகை, அடியில் குழியாடி வைத்து ஒளியைத் திரட்டுவது ஒரு வகை. போடுகிற காசுக்கு அதிக வெளிச்சம் பிடிப்பது ஆடிதான் என்று முடிவுக்கு வந்தாள். எட்டங்குல ஆடி மேல் ஒரு கண் இருந்தது. அதன் எடைக்குச் சரியாக இரண்டு வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தாள். இரண்டாவது மாடியிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. அதனால் ஐந்தங்குலம். குழல் ஒரு மரப்பீடத்தில் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் திரும்புகிற வகை. ஒரே ஆளாகத் தூக்கலாம். இவ்வளவையும் சீட்டில் எழுதி, கடைப்பக்கம் போகிற அண்ணனிடம் கொடுத்ததுதான் அவள் செய்த ஒரே தப்பு.

"நான் எழுதிக் கொடுத்த சீட்டு எங்க?"

"சீட்டு எதுக்கு? கடைக்காரரே சொல்லிட்டார். நீ கேட்டது குட்டி பீரங்கி மாதிரி இருக்கு. 'லேடீஸுக்கு எதுக்கு சார் அவ்வளவு பெருசு'ன்னு கேட்டார். நியாயம்தானே? இதை தோள்ல மாட்டிக்கலாம். மடங்கும் ஜாஸ்தி."

அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவருக்காக பிரேக் போடுவது அவன் தொழில். வீட்டிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தான்.

"பாக்கப்போறது நானா, கடைக்காரரா?" அவள் குரல் உயர்ந்தது. "இதோட வாய் ரெண்டங்குலம். அது வழியா வர்ற வெளிச்சத்தை வெச்சு நூறு மடங்கு பாக்கறதே பெருசு. ஐந்நூறுக்கு இழுத்தா மங்கல்தான் பெருசா தெரியும்."

"ஆரம்பிக்கிறவளுக்கு இது போதும்மா."

"ஆரம்பிக்கிறவன்னா ஏமாத்திடலாமா?"

அடுக்களையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "இங்க கத்தி என்ன புண்ணியம்? அந்தக் கடையில போய்க் கத்துங்க. நான் இப்பதான் குழந்தையைத் தூங்க வெச்சிருக்கேன்."

மறுநாள் காலை அரைநாள் லீவு போட்டுவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணனின் பயிற்சிக் காரில் போனாள்.

கடைக்காரர் அவளைத் தாண்டி அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க சார். மேடத்துக்கு என்ன பிரச்சனை?"

"மேடம் இங்கதான் நிக்கறேன். என்கிட்டயே கேளுங்க."

"ராத்திரி வானத்தைப் பாக்காமலே குறை சொன்னா எப்படிங்க?"

"வானம் வேண்டாம். அந்தத் தண்ணித்தொட்டி போதும்."

வாசல் வழியாகத் தெருக்கோடியில் ஒரு மாடித் தொட்டி தெரிந்தது. அதில் ஏதோ எழுதியிருந்தது. சூரியன் கடைக்குப் பின்னால் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, முக்காலியை விரித்து, பெட்டியிலிருந்த குட்டிக் கண்லென்ஸைச் செருகினாள். "ஐந்நூத்தி இருபத்தஞ்சு மடங்கு வெச்சிருக்கேன். படிங்க பார்க்கலாம்."

கடைக்காரர் குனிந்தார். திருகினார். தெருவில் ஒரு பஸ் போனதும் முக்காலி கிடுகிடுவென்று ஆடியது. "கொஞ்சம் பனிமூட்டமா இருக்கு" என்றார்.

வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அதே பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு நர்ஸ், "நான் பாக்கலாமா?" என்று குனிந்து பார்த்தாள். "எனக்கு ஒரே சாம்பலாத்தான் தெரியுது" என்றாள்.

"இப்ப அதை எடுங்க." மேல்தட்டில் தூசி படிந்து கிடந்த ஐந்தங்குலத்தை அவள் காட்டினாள். இறக்கியதும் குழலுக்குள் எட்டிப் பார்த்து, அடியில் ஆடி கீறலில்லாமல் இருப்பதைச் சோதித்தாள். கவுன்ட்டர் மேல் வைத்துத் திருப்பினாள். தொட்டியின் எழுத்துகள் கத்தரித்து வைத்ததுபோல் துல்லியமாக நின்றன, தலைகீழாக.

கடைக்காரருக்கு உயிர் வந்துவிட்டது. "பாத்தீங்களா சார், தலைகீழா தெரியுது! இது டிஃபெக்ட் பீஸ். அதனாலதான் நான் நேத்தே..."

"நிறுத்துங்க!" பட்டறையில் மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அது. "நீங்க விக்கிற சாமானைப் பத்தி உங்களுக்கே தெரியல. எனக்கு எது வேணும்னு எங்க அண்ணனுக்குச் சொல்லித்தர்றீங்க! ஆடி வெச்சது இப்படித்தான் காட்டும். வானத்துல மேல ஏது, கீழ ஏது?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். கையிலிருந்த பெட்டியைக் கவுன்ட்டர் மேல் வைத்து, "எனக்கும் இது வேண்டாம். அதுல இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் கடைக்காரர் மாற்றித்தர ஒத்துக்கொண்டார். அப்போதும் பேனாவைத் திறந்து அண்ணனைப் பார்த்து, "பில்லு சார் பேர்லயே இருக்கட்டுமா?" என்றார். அவள் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கித் தன் பேரைத் தானே எழுதினாள்.

திரும்பும் வழியெல்லாம் அண்ணன் பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டினான். வீட்டு வாசலில் பெட்டியைப் பிடிக்க வந்தான். "விடு" என்றாள். மூன்று மாடியும் தானே தூக்கிக்கொண்டு ஏறினாள்.

சூரியன் இறங்கியதும் பாதி நிலா தெளிந்தது. அவள் குனிந்தாள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டோரம் பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் அதன் விளிம்பின் நிழல் கறுப்பாக விழுந்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. நேற்றிலிருந்து நெஞ்சில் கொதித்துக்கொண்டிருந்தது சற்று அடங்கியது. அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவன் வெகுநேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "நான் சொன்னேன்ல," என்றான், "அந்தக் கடையில நல்ல சாமான்தான் கிடைக்கும்னு."

"தள்ளி நில்லு" என்றாள்.

நிலா பார்வையை விட்டு நகர்ந்துபோயிருந்தது. குழலை விரல்நுனியால் மெல்லத் தள்ளி மறுபடி பிடித்தாள். அதற்குப் பிறகு அன்று அவனுக்கு முறை வரவே இல்லை.